வேமுண்டின் ஈட்டியாணி

வேமுண்டுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. அதைப் பற்றி அவன் ஆளுக்கொரு கதை சொல்வான். டேனியன் ஒருத்தன் கோடரியால் அடித்தான் என்பான். கரடி என்பான். ஒருமுறை என் தங்கை யோருன் பக்கத்தில் நிற்கும்போதே, "இவ அடிச்சதுதான்" என்று சொல்லி, அதற்காக உண்மையிலேயே ஓர் அடி வாங்கினான். அது ஈட்டியாணியைக் கடித்துப் பிடுங்கியதில் உடைந்த பல். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த ஆணி இப்போது என்னிடம் இருக்கிறது.

வேமுண்ட் என் தங்கை புருஷன். ஸ்கார்விக் பண்ணை அவனுடையது. பண்ணை என்று பெயர்தான். ஐந்து பசு, கொஞ்சம் ஆடு, பாறைகளுக்கு நடுவில் கிழிந்த கம்பளம் விரித்த மாதிரி ஒரு பார்லி வயல். அங்கே உருப்படியான ஒன்று அதன் கரை. கூழாங்கல் சரிந்து இறங்கும் சின்னக் குடா. குளிர் விடும் சமயத்தில் ஹெர்ரிங் மீன் கூட்டமாக உள்ளே வரும். குடாவின் வாயை வலையால் கட்டிவிட்டால் போதும், கூடையால் அள்ளலாம். அந்த மீனைக் காயவைத்துத்தான் வேமுண்டின் குடும்பம் வருஷத்தை ஓட்டியது. கரை போனால் பண்ணை போயிற்று என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹாரெக்குக்கும் தெரியும்.

ஹாரெக் எங்கள் கப்பலின் தலைவன். அரசன் அழைத்தால் எங்கள் வட்டாரம் நாற்பது துடுப்புக் கப்பல் ஒன்றை ஆளோடு அனுப்ப வேண்டும். சுதந்திரமான ஆண் ஒவ்வொருவனும் தன் ஈட்டி, தன் கேடயம், இரண்டு மாதத்துக்குத் தன் மாவு, தன் வெண்ணெய் என்று எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். வேமுண்ட் தன் வெண்ணெயை முதல் வாரத்திலேயே தின்று தீர்த்துவிடுவான். பிறகு என் பெட்டியைப் பார்ப்பான்.

"மச்சான், உன் வெண்ணெய் கெட்டுப்போற வாசனை வருதே."

"உன் மூக்குதான் கெட்டுப்போச்சு. கையை எடு."

"கெட்டதைத் தின்னு நீ செத்தா யோருன் அழுவா. அவ அழுதா எனக்குத் தாங்காது. அதுக்குத்தான் கேக்கறேன்."

இப்படித்தான் அவன். வாய் ஓயாது. துடுப்புப் போடுவதில் குறை சொல்ல முடியாது. ஈட்டியை மட்டும் யாரையும் தொட விடமாட்டான். அவன் அப்பா ஒரு கறவைப் பசுவைக் கொடுத்து அந்த இரும்புமுனையை வாங்கியிருந்தார். கப்பலில் எல்லோரும் காலை நீட்டித் தூங்கும்போது அவன் ஈட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குவான். யோருனுக்கு இதைச் சொன்னால் சிரிப்பாள்.

அந்த வருஷம் அறுவடைக்கு முன்னால் அழைப்பு வந்தது. தெற்கே போனோம். ஒரு தீவுக்கு அப்பால், எங்கள் அரசனுக்குப் பகையான டேனியரின் கப்பல் நான்கு நின்றன. நாங்கள் மூன்று. ஈட்டி எறியும் தூரத்துக்கு வந்ததும் ஹாரெக் பின்னாலிருந்து கத்தினான்:

"ஆணியைப் புடுங்குங்கடா!"

முனையையும் கம்பையும் சேர்த்துக் குறுக்கே அடித்திருக்கும் ஆணியைப் பிடுங்கிவிட்டு எறிந்தால், ஈட்டி போய்க் குத்தியதும் முனை கழன்றுவிடும். எதிரி அதை எடுத்துத் திருப்பி எறிய முடியாது. ஆணியோடு எறிந்தால் நம் ஈட்டியே நம்மைத் தேடி வரும். என் ஆணி லொடலொடவென்று கையோடு வந்தது. பதற்றத்தில் எங்கேயோ போட்டேன், கப்பலின் அடித்தண்ணீரில் விழுந்துவிட்டது. வேமுண்டின் ஆணி இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தான். ஆணியும் வந்தது, பல்லில் பாதியும் வந்தது. ரத்தத்தோடு சேர்த்துத் துப்பினான், ஆணியை மட்டும் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

அதோடு சரி. சமாதானம் என்று டேனியர் வெள்ளைக் கேடயத்தைத் தூக்கிவிட்டார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள், கப்பல்கள் திரும்பின. ஒருவரும் சாகவில்லை. வேமுண்டின் பல்தான் அந்தப் போரில் விழுந்த ஒரே உயிர் என்று கப்பல் முழுக்கச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே, திரும்பும் வழியில் கரை ஒதுங்கிய இடத்தில் அரசனின் ஆள் காத்திருந்தான். ஆயுதம் பார்க்க வந்திருந்தான். எல்லோரும் ஆணியைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முழங்கால் போட்டு அடித்தண்ணீரில் துழாவினேன். சேறும் மீன்முள்ளும்தான் கைக்கு வந்தன. ஆணி இல்லாத ஈட்டி ஆயுதமே இல்லை. ஏமாற்றிக் காட்டி மாட்டிக்கொண்டால் மூன்று வருஷம் ஈட்டி பிடிக்கக் கூடாது. ஈட்டி இல்லாதவனுக்கு வழக்குத் தீர்க்கும் ஊர்ச்சபையில் பேச்சு கிடையாது.

வேமுண்ட் கன்னத்திலிருந்து ஆணியை எடுத்து என் கையில் வைத்தான். இன்னும் சூடாக இருந்தது.

"உனக்கு?" என்றேன்.

"நான் ஒரு குச்சியைச் சீவித் தார் பூசி வெச்சுக்கறேன். கறுப்பா இருக்கும், யாருக்குத் தெரியும்?"

"அந்தக் குச்சியை எனக்குக் குடு. ஆணி உன்னுது."

"உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும் மச்சான். பொய் சொல்ல வராத மூஞ்சி உன்னுது. நான் பேசிச் சமாளிச்சுக்குவேன். ஊருக்குப் போய் ஒரு ஆணி அடிச்சா முடிஞ்சுது, இதுல என்ன இருக்கு?"

பேசிச் சமாளித்தான். அரசனின் ஆளிடம் பல் கதையைச் சொன்னான். கரடி கதை. அவன் சிரித்துக்கொண்டே குச்சி வைத்த ஈட்டியைத் தாண்டி என் ஈட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஹாரெக் தன் ஆசையை வெளியே விட்டான். கப்பலுக்குப் புதுக் கொட்டகை வேண்டும், ஸ்கார்விக் கரைதான் அதற்குத் தோதான சரிவு, அரசனின் கப்பலுக்குக் கரை கொடுக்க மறுப்பவன் அரசனையே மறுக்கிறான் என்றான். கொட்டகை கட்டினால் வலை கட்ட இடமிருக்காது. மீனைப் பற்றிக் கேட்டால், கொட்டகையைக் காவல் காக்கிறவனுக்கு மீன் போகும் என்றான். காவல் யார் என்றால், அவன்தான். வேமுண்ட் வழக்கை வசந்தகாலச் சபைக்குக் கொண்டுபோனான்.

ஆணி? எங்கள் பக்கத்தில் கொல்லன் ஒருவன்தான், பெர்சி. அவன் உலை ஹாரெக்கின் நிலத்தில் இருந்தது. வேமுண்ட் இரண்டு முறை பனியில் நடந்து போனான்.

"அடுத்த வாரம் வா" என்றான் பெர்சி முதல் முறை.

இரண்டாம் முறை தலையைத் தூக்காமலே, "கப்பலுக்கு ஆணி அடிச்சு முடியலை. அது முடியாம வேற இரும்பைத் தொடக் கூடாதுன்னு ஹாரெக் சொல்லியிருக்காரு" என்றான்.

"ஒரே ஒரு ஆணிடா. விரல் நீளம்."

"விரலைக் குடு, அடிச்சுத் தரேன்."

வேமுண்ட் இதை வந்து சொல்லிச் சிரித்தான். சிரித்ததுதான் தப்பு. வேறொருவனாக இருந்தால் அரை நாள் நடந்து அடுத்த வட்டாரத்துக்குப் போயிருப்பான், இல்லை பழைய படகிலிருந்து ஒரு துருப்பிடித்த ஆணியைப் பெயர்த்துத் தேய்த்திருப்பான். இவன் குச்சியை நம்பினான். அது இறுகித்தான் இருந்தது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே ஈட்டி தொங்கியது. மரம் காயக் காயச் சுருங்கி எளிதில் ஒடியும் என்பது அவனுக்குத் தெரியாதா? படகு கட்டுகிறவன் மகன். பேச்சு மும்முரத்தில் மறந்திருப்பான்.

சபை நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான். யோருனும் கூட வந்தாள், பாலாடைக்கட்டி மூட்டையோடு.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாள் அந்த ஆணியைக் குடேன்."

என் கை ஈட்டி மேல்தான் இருந்தது. சபை தொடங்குமுன் ஆயுதம் பார்ப்பார்கள் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கும் பாக்கறாங்களாமே" என்றேன்.

"எல்லாத்தையும் பாக்க மாட்டாங்க. அங்கங்க இழுத்துப் பாப்பாங்க."

"என்னுதை இழுத்தா?"

யோருன் என்னைப் பார்த்தாள். "அண்ணே, வழக்கு அவருக்குத்தானே? நீ பின்னால நிக்கப் போற."

"குச்சி நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவன் ஈட்டியை வாங்கி நானே ஆட்டினேன். சும்மா இல்லை, ஓங்கி ஆட்டினேன். அசையவில்லை. "பாத்தியா? இரும்பு தோத்துது."

வேமுண்ட் ஈட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "சரி விடு. உன் மூஞ்சிக்கு இரும்புதான் லாயக்கு" என்றான். அதிலும் கோபம் இல்லை. கோபித்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அன்று ஆயுதம் பார்க்க யாருமே வரவில்லை. அரசனின் ஆளுக்குக் காய்ச்சலாம். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு எரிகிறது.

சபையில் வேமுண்ட் நன்றாகப் பேசினான். அவன் அப்பா வலை கட்டியதை, தாத்தா கட்டியதை, சாட்சிக்கு நின்ற மூன்று பேரின் பெயரை எல்லாம் வரிசையாகச் சொன்னான். கப்பலுக்கு மறுப்பில்லை, என் முதுகும் அந்தக் கப்பலில்தான் வளைகிறது, என் வயிற்றை விட்டுவிட்டுக் கொட்டகையை வேறு கரையில் கட்டுங்கள் என்றான். ஹாரெக்கின் முகம் கறுத்தது. கூட்டத்தில் பின்னால் ஒருவன் ஈட்டியைக் கேடயத்தில் தட்டினான். பிறகு இன்னொருவன். எங்கள் சபையில் தீர்ப்பு அப்படித்தான் வரும். சம்மதம் என்றால் ஈட்டியைத் தூக்கி ஆட்டித் தட்டுவோம். பாதிக்கு மேல் தட்டிவிட்டால் அதுதான் தீர்ப்பு, பிறகு யாராலும் மாற்ற முடியாது. ஓசை ஏறிக்கொண்டே வந்தது. நானும் தட்டினேன். உண்மையான சந்தோஷத்தோடு தட்டினேன்.

வழக்குத் தொடுத்தவன் தட்ட வேண்டியதில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். வேமுண்டுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தன் ஈட்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். முனை கழன்று பறந்து ஹாரெக்கின் காலடியில் விழுந்தது.

சிரிப்பு என்றால் சிரிப்பு, அப்படிச் சிரித்தார்கள். தட்டிக்கொண்டிருந்தவர்களே சிரித்தார்கள். தட்டுவது நின்றுபோனது. ஹாரெக் குனிந்து முனையை எடுத்து, கம்பு நுழையும் குழலுக்குள் விரலை விட்டு, தார் பூசிய ஒடிந்த குச்சியை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

"குச்சி வெச்சுக்கிட்டு வந்திருக்கான்யா. இவனா சுதந்திர மனுஷன்? ஆயுதம் இல்லாதவன் போட்ட வழக்குக்கு நாம தட்டிக்கிட்டிருக்கோம்!"

சட்டம் சொல்லும் கிழவர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆயுதம் முழுசாக இல்லாமல் சபைக்கு வந்தவன் வழக்கு செல்லாது என்றார். பிறகு வேமுண்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஆனா அரசன் வேலையில கெட்டுப்போன ஆயுதம் குற்றம் ஆகாது. போன வருஷம் ஆணியைப் புடுங்கச் சொல்லிக் கட்டளை வந்துதே. அப்பப் புடுங்கின ஆணி எப்படிப் போச்சுன்னு கூடத் துடுப்புப் போட்டவன் ஒருத்தன் சொன்னாப் போதும். இவன்கூட ஒரே பலகையில உக்காந்தவன் யாரு?"

இப்படி ஒரு சட்டம் இருப்பது அன்றுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் ஈட்டி, ஈட்டியில் அவன் ஆணி.

சொல்லியிருந்தால் அவன் ஆணியைக் காட்டி அரசனின் ஆளை நான் ஏமாற்றியது வெளியே வந்திருக்கும். மூன்று வருஷம். என் ஈட்டியை வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெரிய காரணம் எதையும் இங்கே கண்டுபிடித்துச் சொல்ல மாட்டேன். பயம், அவ்வளவுதான்.

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

வேமுண்ட் வாயைத் திறந்தான். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். என் ஈட்டியைக் காட்டி, ஆணி அதோ என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பொய் சொல்ல வராத மூஞ்சி என்று சொன்னவன் அவன்தான். அன்றைக்கு நன்றாக வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

கரை ஹாரெக்குக்குப் போனது. ஆயுதமில்லாமல் சபையில் நின்றதற்கு அபராதமாகப் பசுக்கள் போயின. அடுத்த குளிர்காலத்தில் மீதியும் போக, வேமுண்ட் ஹாரெக்கிடம் கூலி ஆளானான். தன் கரையில் எழுந்த கொட்டகைக்குத் தானே தூண் நட்டான். மீன் வந்தபோது தானே வலை கட்டி, கூடை கூடையாக அள்ளி ஹாரெக்கின் பரணில் காயப்போட்டான். வாய் ஓய்ந்துவிட்டது. பல்லைப் பற்றி யாராவது கேட்டால், "விழுந்துருச்சு" என்பான்.

ஒருமுறை ஒரு பானை வெண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். யோருன் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அவர் இல்லையா?"

"வேலைக்குப் போயிருக்காரு. அண்ணே, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு நினைவில்லைன்னியே. இப்ப நினைவு வந்துருச்சா?"

நான் பானையைக் கீழே வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. திரும்பிப் பார்த்தபோது நாய் நக்கிக்கொண்டிருந்தது, அவள் விரட்டவும் இல்லை.

"அவரு உன்னை ஒரு வார்த்தை சொல்லலை, தெரியுமா?" என்று பின்னாலிருந்து கத்தினாள். "ஒரு வார்த்தை! சொல்லியிருந்தா நானாவது ஆறியிருப்பேன்!"

இரண்டு வருஷம் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. ஹாரெக் தன் மகனை அனுப்ப விரும்பவில்லை. அவனுக்குப் பதிலாக வேமுண்டை ஏற்றினான். கூலி ஆளிடம் ஈட்டி ஏது? ஹாரெக்கே ஒன்று கொடுத்தான். நல்ல ஈட்டி. இரண்டு ஆணி அடித்தது. பழைய பலகையே கிடைத்தது, என் பக்கத்தில்.

மூன்று நாள் பேசாமல் துடுப்புப் போட்டோம். நான்காம் நாள் என் வெண்ணெய்ப் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன்.

"வேணாம்" என்றான்.

"மாப்ள..."

"பசிக்கலை மச்சான்."

மச்சான் என்றுதான் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துடுப்பை இழுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்த முறை டேனியர் வெள்ளைக் கேடயம் தூக்கவில்லை. நேராக வந்தார்கள். கப்பலோடு கப்பல் முட்டுமுன் ஹாரெக் கத்தினான்:

"ஆணியைப் புடுங்குங்கடா!"

நான் என் ஆணியை, அவன் ஆணியை, பிடுங்கிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டேன். வேமுண்ட் தன் ஈட்டியை அப்படியே ஓங்கினான்.

"ஆணி! மாப்ள, ஆணியைப் புடுங்கு!"

"ஒரு தடவை புடுங்கினேன்ல" என்றான். "அதுவே போதும்."

எறிந்தான். எதிர்க்கப்பலில் ஒருவன் கேடயத்தில் போய்க் குத்தி நின்றது. செந்தாடிக்காரன் ஒருவன். அவன் கேடயத்தைக் காலால் மிதித்து ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முழுசாக வந்தது. இரண்டு ஆணியும் பிசகவில்லை. ஒருகணம் அதைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், சிரித்தான். பிறகு திருப்பி எறிந்தான். வேமுண்ட் கேடயத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது.

என் ஈட்டியை நான் இன்னும் எறியவில்லை. என் மடியில்தான் விழுந்தான். பேசப் பார்த்தான். வாயில் ரத்தம்தான் வந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அன்று சபையில் பார்த்த மாதிரி. நான் சொல்ல நினைத்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் பல்லுக்கிடையில் ஆணி இருந்தது. துப்பிவிட்டுப் பேசுவதற்குள் அவன் போய்விட்டான்.

சண்டையில் ஜெயித்தோம் என்றார்கள். சாயங்காலம் ஹாரெக் வந்து அவன் தோளிலிருந்து ஈட்டியை உருவி, தண்ணீரில் அலசித் தன் பெட்டியோடு வைத்துக்கொண்டான். அவனுடைய ஈட்டி அது, தப்புச் சொல்ல முடியாது. வேமுண்டை ஊருக்குக் கொண்டுவந்தோம். கொட்டகைக்குப் பின்னால், மேட்டில் புதைக்க ஹாரெக் இடம் கொடுத்தான். இடம் கொடுத்தான் என்று ஊரே அவனை மெச்சியது.

சுதந்திர மனுஷனை ஈட்டியோடு புதைப்பது எங்கள் வழக்கம். குழிக்குள் அவன் கை வெறுமையாகக் கிடந்தது. யோருன் குழியைப் பார்க்கவில்லை, ஆணியைத் திரும்ப அடித்து நான் வைத்திருந்த ஈட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த ஆணி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்வை முழு ஈட்டியைக் கேட்கவில்லை. அந்த விரல் நீள இரும்பைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தால் போதும் என்று எனக்கும் தோன்றியது. விரல்கூட ஆணியின் மேல் போய்விட்டது. பெர்சியின் உலை அங்கிருந்து கூப்பிடு தூரம். இப்போது அவன் யார் கேட்டாலும் ஆணி அடித்துத் தருகிறான், ஒரு குவளை மோர் குடிக்கிற நேரத்தில் முடியும்.

ஆனால் மூன்றாம் நாள் ஆயுதம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் விரலை எடுத்துக்கொண்டேன். மண்ணைத் தள்ளினோம்.

மூன்றாம் நாள் அரசனின் ஆள் வந்தான். என் ஈட்டியைப் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. "நல்லா வெச்சிருக்கய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.